ஒரே செல்ஃபில்

களமருதூரில் பிளசர் என்றால் நாராயணசாமி வீட்டு பிளைமவுத் காரைத்தான் சொல்வார்கள். ஊரில் வேறு காரே இல்லாத காலத்தில் வைத்த பேர். இப்போது தெருவுக்கு நாலு கார் நிற்கிறது, கரும்பு வெட்டுகிற மேஸ்திரியே காரில் வந்து இறங்குகிறார், ஆனாலும் பிளசர் பிளசர்தான். அமெரிக்காவில் செய்தது. ஆறு சிலிண்டர். மூக்கில் ஒரு பாய்மரக் கப்பல் ஒட்டியிருக்கும். நாராயணசாமியின் அப்பா பாண்டிச்சேரியில் யாரோ வெள்ளைக்காரனிடம் வாங்கினாராம். அதை விடுங்கள். அந்த வண்டி ஓடிய காலத்தில் ஒரு நாளும் தானாகக் கிளம்பியதில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது.

அதன் பாட்டரி ஆறு வோல்ட். காலையில் செல்ஃப் போட்டால் நாலு முக்கு முக்கிவிட்டு அடங்கிப்போகும். உடனே காலனிக்கு ஆள் போகும். மெக்கானிக் மாயவனின் அப்பா காத்தான் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து, வண்டியின் பின்னால் இடது ஓரத்தில் கை வைத்து ஊர்த்தெரு நெடுகத் தள்ளுவான். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். வண்டி போய்விடும். தள்ளியவர்கள் புழுதியைத் தின்றுவிட்டுத் திரும்பி நடப்பார்கள். அந்தத் தெருவில் காலனிக்காரன் வேர்க்க விறுவிறுக்க ஓடலாம் என்றால் அது அந்த ஒரு வேலைக்குத்தான். மற்றபடி காலனிக் கல்யாணத்துப் பெண்ணழைப்பு ஏரிக்கரை வழி, சாவு ஏரிக்கரை வழி. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. பழக்கம் என்பார்கள். பழக்கமாம், பெரிய பழக்கம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதைத்தான் செய்யவில்லை.

மாயவன் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். இப்போது கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வீடு மட்டும் இன்னும் காலனியில். அடக்கமானவன் என்று அவனை யாரும் சொல்லமாட்டார்கள். வாய் ஜாஸ்தி. வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறவனிடம், "இத எந்த மடையன் பிரிச்சான்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான். ஆனால் பெட்ரோல் இஞ்சின் என்றால் சேலத்திலிருந்தும் அவனிடம் வருவார்கள். அதனால்தான் நாராயணசாமியின் மகன் சுபாஷும் வந்தான். எலவனாசூர்கோட்டையில் அரிசி மில் நடத்துகிறவன். பழைய கார்களை ஓட்டிக்காட்டுகிற விழா பாண்டிச்சேரியில் நடப்பதைப் பார்த்துவிட்டு, வைக்கோல் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பிளசர்மேல் அவனுக்குத் திடீரென்று பாசம் வந்திருந்தது.

வண்டியைப் பார்க்க மாயவன் நாராயணசாமி வீட்டுக்குப் போனான். பார்த்தான், பானெட்டைத் திறந்தான், உள்ளே கையை விட்டு எலிக்கூட்டை எடுத்துப் போட்டான். கூலி பேசி முடிந்தபிறகு சுபாஷை விட்டுவிட்டுப் பெரியவர் நாராயணசாமியிடம் திரும்பினான்.

"ஐயா, இன்னொன்னு கேக்கறேன். எம் பொண்ணு சுபஸ்ரீக்கு ஆவணி மொத முகூர்த்தத்துல கல்யாணம். பொண்ணழைப்புக்கு இந்த வண்டி வேணும். ஊர்த்தெரு வழியா போவணுங்க."

சுபாஷ் வாயைத் திறந்தான். பெரியவர் கையைக் காட்டி அடக்கினார். எழுபத்தெட்டு வயசு, கண் மங்கல், ஆனாலும் வீட்டில் கடைசிப் பேச்சு அவருடையதுதான்.

"எடுத்துக்கினு போ," என்றார். "எங்க வண்டி போனா எவன் இன்னா கேட்டுடுவான்?"

அன்றைக்கு ராத்திரி மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். "இனிமே அந்த வண்டிய எவனும் தள்ளக்கூடாது," என்றான் செவ்வந்தியிடம். "ஒரே செல்ஃப்புல கெளம்பணும். அதுல எம் பொண்ணு குந்திக்கினு போவணும்."

"மொதல்ல நம்ம பைக்க ஒதைக்காம கெளப்புங்க," என்றாள் செவ்வந்தி.

வேலையை அவன் அவசரப்படுத்தவில்லை. இஞ்சினைக் கழற்றி மினி லாரியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனான். தேய்ந்துபோன சிலிண்டர்களை லேத்தில் கொடுத்து உள்சுவரைக் கடைந்து புதிதாக போர் போட்டான். கோயம்புத்தூரில் சொல்லி பிஸ்டன் செய்து வாங்கினான். இப்போது வருகிற பெட்ரோல் அந்தக் கால வால்வுக்கு ஆகாது என்று அது உட்காருகிற இடத்தில் கெட்டியான சீட் இறக்கினான். பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர், ஆறு வோல்ட்டை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி, அதற்குத் தகுந்த புது செல்ஃப் மோட்டார். இஞ்சின் பழசு, தெம்பு புதுசு. பிஸ்டனை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக வைத்தான். லூசாக விட்டால் இன்றைக்கே பறக்கும், நாலு வருஷத்தில் புகை தள்ளும். இறுக்கமாக வைத்தால் முதலில் பதமாக ஓட்டிப் பழக்கவேண்டும், அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்குத் தாங்கும். ஒர்க்‌ஷாப் பாஷையில் அதற்கு 'செட் ஆவது' என்று பேர். தன் கையால் செய்தது ஒரு தலைமுறை ஓடவேண்டும் என்று நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆடி பிறந்த வாரம் இஞ்சினை வண்டியில் ஏற்றியாயிற்று. பெரியவர் முன்னால் வந்து நின்றார். அவர் மனைவி கமலா கற்பூரம் கொளுத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள். மாயவன் செல்ஃபைத் தொட்டான். தொட்டதுதான் தெரியும். ஒரே சுற்றில் கிளம்பி, சத்தமே காட்டாமல் நின்ற இடத்தில் ஓடியது. பெரியவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எங்கப்பா காலத்துலகூட இப்பிடி கெளம்பனதில்ல, மாயவா."

அந்த ஒரு நாள் அவன் வாழ்க்கையில் நல்ல நாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கடைசி வெள்ளிக்கி கன்னிமாருக்குப் போறோம். இதுலயே போயிடலாம்," என்றாள் கமலா.

அவர்கள் குலதெய்வம் ஏழு கன்னிமார். கோயில் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குப் போகிற வழியில். அந்த வீட்டில் டிராக்டர் வாங்கினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும் முதல் பயணம் அங்கேதான். கன்னிமார் பார்த்தபிறகுதான் மற்றது. மாயவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். செட் ஆகாத இஞ்சின், கொண்டை ஊசி வளைவு, ஏற்றம், வண்டி கொள்ளாமல் ஆள், போதாததற்குப் பொங்கல் பானையும் ஆடும். ஏதாவது ஒன்று ஆனால் ஆவணியில் வண்டி இல்லை. பெண் ஏரிக்கரை வழியாகத்தான் போவாள்.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். 'பத்து நாள் உளுந்தூர்பேட்டை ரோட்டில் பதமாக ஓட்டிப் பழக்கித் தருகிறேன், அப்புறம் தாராளமாக மலை ஏறுங்கள், நடுவில் ரெண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.' அவ்வளவுதான் உண்மை. மெக்கானிக் எடுத்து ஓட்டிப்பார்ப்பதைக் கன்னிமார்கூடக் கணக்கில் வைக்கமாட்டார்கள். ஆனால் அவனுக்கு அது போதவில்லை. பழக்கிக் கொடுத்தாலும் மலையில் போய் எதையாவது இடித்துவிட்டால்? பெண்ணின் கல்யாணம் முடிகிறவரை வண்டி அந்தக் கொட்டகையை விட்டு அசையக்கூடாது என்று இருந்தது அவனுக்கு. உண்மையோடு கொஞ்சம் தண்ணீர் கலந்தான்.

"இஞ்சின் செட் ஆவணுங்க. ஆவணி முடியற வரைக்கும் மலை கூடாது. ரோட்டுலயும் எடுக்க வேணாம். மூடியே வச்சிருங்க."

சுபாஷ் சிரித்தான். "ஆவணின்னு ஏன் சுத்தி வளைக்கற? உம் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும்னு சொல்லு."

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். மொதல்ல உம் பொண்ணு ஏறணும், அப்பறம் எங்க சாமி பாக்கணும். அதானே கணக்கு?"

மாயவன் பெரியவரைப் பார்த்தான். அவர் கை இன்னும் பானெட்டின் மேல்தான் இருந்தது. "சாமிக்கு முன்னால நிக்கலாமா மாயவா?" என்றார், கோபமே இல்லாமல்.

அவனுக்குச் சுருக்கென்றது. பொய்யைப் பிடித்துவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். பொய்யோடு சேர்த்து உண்மையையும் தூக்கி எறிந்துவிட்டார்களே என்பது இன்னொரு பக்கம். ஆசைப்பட்டவன் வாயில் உண்மை வந்தாலும் அது ஆசையாகத்தான் கேட்கும்போலிருக்கிறது. இறங்கி வந்து, 'சரி, பத்து நாள் ஓட்டிக் குடுக்கறேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. சாவியைத் திட்டில் வைத்தான். "உங்க வண்டி, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தான். அது நாலாவது உதையில் கிளம்பியது.

சுபாஷும் ஒரேயடியாக முட்டாள் இல்லை. கள்ளக்குறிச்சியில் சந்தோஷ் என்கிற இன்னொரு மெக்கானிக்கைக் கேட்டான். "மெதுவா போனா ஒண்ணும் ஆவாது சார். ஓட்டி செட் பண்ணியாச்சில்ல?" என்று சந்தோஷ் கேட்டிருக்கிறான். கொட்டகையில் நின்ற இடத்தில் நாலு நாள் ஓடவிட்டதை நினைத்துக்கொண்டு, "ஆச்சி" என்றிருக்கிறான் சுபாஷ். ரோட்டில் எடுக்கவில்லை. கன்னிமாருக்கு முன்னால் வெளியே எடுக்கக்கூடாது என்று கமலா பிளசருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள்.

மாயவன் தினமும் கள்ளக்குறிச்சிக்குப் போகும்போது அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டேதான் போனான். தார்ப்பாய் போட்டது போட்டபடி இருந்தது. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியாதா? ஒரு காலை பைக்கை நிறுத்தினான்கூட. உள்ளே சுபாஷ் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். 'மூஞ்சியப் பாரு' என்று நினைத்துக்கொண்டு மாயவன் போய்விட்டான். மூடி வைக்கச் சொன்னவனும் இவன்தான். அந்த நினைப்பு வராமல் இருக்கத்தான் சுபாஷின் சிரிப்பை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தான்.

ஆடி கடைசி வெள்ளி மத்தியானம் போன் வந்தது. வந்தவுடனே தெரிந்துவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறினான். அன்றைக்கு வெயில் ஆளை உரித்தது. மேலே ஒரு வளைவில் பிளசர் நின்றிருந்தது. ரோட்டில் ரேடியேட்டர் தண்ணீர் கோடு போட்டுக் காய்ந்திருந்தது. குடும்பம் மர நிழலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஆடு தழை தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மலையில் நிம்மதியாக இருந்தது அது ஒன்றுதான்.

பானெட்டைத் திறந்து, இஞ்சினைக் கையால் சுற்றிப்பார்த்தான். அசையவில்லை. பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிட்டது. சுவரெல்லாம் கீறியிருக்கும். முழுசாகப் பிரித்து, மறுபடி போர் போட்டு, மறுபடி பிஸ்டன் செய்து வாங்கவேண்டும். ஆவணிக்குள் நடக்காது. அவனுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பினான்.

"நீ கட்டன இஞ்சினு," என்றான் சுபாஷ். "ஒரு மலைக்குத் தாங்கல."

"வாய வச்சான் இல்ல அன்னிக்கி, அதான்," என்றாள் கமலா. "மலை கூடாது, மலை கூடாதுன்னு."

பெரியவர் பின் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாக அவனைக் கூப்பிட்டார். அவன் குனிந்தான். உள்ளே சந்தனமும் சூடான எண்ணெயும் கலந்து மணத்தது.

"மாயவா, ஒண்ணு கேக்கறேன். நெசமாவே ஆவணி முடியற வரைக்கும் ஆவுமா, செட் ஆவறதுக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. 'நான் சொன்னேனே, கேட்டீங்களா' என்று சுபாஷின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். கேட்கிற ஆசையும் இருந்தது. ஆனால் அந்தக் கிழவர் அன்றைக்குப் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றது அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இல்லைங்க. பத்து நாள் கீழ ரோட்டுல ஓட்டியிருந்தா போதும். அப்பறம் மலை ஏறியிருக்கும்."

"அத ஏன் அன்னிக்கி சொல்லல?"

பெரியவர் கொஞ்ச நேரம் மங்கலான கண்ணால் அவன் முகம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"குடுத்த வாக்கு குடுத்ததுதான். உம் பொண்ணு கல்யாணத்துக்கு வண்டி வரும்," என்றார். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டார்.

அவர் எந்த மனசில் அதைச் சொன்னார் என்று மாயவன் பல நாள் யோசித்தான். வாக்கு தவறாத மனுஷனா, இல்லை வஞ்சம் தீர்க்கிற மனுஷனா? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து கொட்டகையில் போட்டார்கள். மாயவன் ரெண்டு தடவை போனான். "கல்யாணம் முடியட்டும், அப்பறம் பிரிச்சிக்கலாம்," என்று திருப்பி அனுப்பிவிட்டான் சுபாஷ். வீட்டில் செவ்வந்தி, "வேன் பேசிடலாங்க," என்றாள். அவனும் பேசியிருப்பான். அதற்குள் காலனி முழுக்கச் செய்தி போய்விட்டது, பிளசரில் பெண்ணழைப்பு, ஊர்த்தெரு வழியாக என்று. திருநாவலூர் மாப்பிள்ளை இளமாறன் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லியிருந்தான். இல்லை என்று யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

பெண்ணழைப்பு அன்றைக்குச் சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே வண்டி வந்தது. சொன்ன சொல் தவறவில்லை. டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்து வந்தார்கள். துடைத்து மினுக்கி, மூக்கில் இருந்த கப்பலுக்கு ஒரு முழம் மல்லிகைகூடச் சுற்றியிருந்தது. காலனி முனையில் நிறுத்தி டிராக்டர்காரன் சங்கிலியைக் கழற்றினான்.

"இன்னாப்பா, கழட்டற?" என்றான் மாயவன்.

"வண்டிய வுட்டுட்டு வரச் சொன்னாருங்க ஐயா. டிராக்டரு மில்லுக்குப் போவணும்." அவன் மாயவனின் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து போய்விட்டான்.

மேளக்காரர்கள் நின்றார்கள். பட்டுப்புடவையில் சுபஸ்ரீ வாசலில் நின்றாள். அப்புறம் மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருத்தன், நல்ல மனசோடுதான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.

"இதுக்கின்னா மாமா, பத்து பேரு இருக்கோம். தள்ளிக்கினு போயிடலாம். செமயா இருக்கும்."

"வேணாம்," என்றான் மாயவன். "வேன் பேசறேன். ஏரிக்கரையாலயே போவலாம்."

"அப்பா." சுபஸ்ரீ பக்கத்தில் வந்தாள். "ஏரிக்கரையால நான் போவ மாட்டேன். நீங்கதானே தெருவால போவலாம்னீங்க? தள்ளுனா இன்னாப்பா, உள்ள குந்தினு போறது நாந்தானே."

அவளுக்குத் தெரியாது. தாத்தா அந்த வண்டியைத் தள்ளியதை அவன் பெண்ணிடம் சொன்னதே இல்லை. சொல்லிக்கொள்கிற விஷயமா அது. அவன் தலையை ஆட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீரிங்கில் இளமாறனின் அண்ணன் உட்கார்ந்தான். மேளம் அடித்தது. பையன்கள் சிரித்துக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் தள்ளினார்கள். பிளசர் உருண்டது. காலனி எல்லையைத் தாண்டி ஊர்த்தெருவுக்குள் நுழைந்தது. யாரும் தடுக்கவில்லை. எதற்குத் தடுப்பார்கள்? அந்தத் தெரு பார்க்காத காட்சியா அது. காலனிக்காரர்கள் பிளசரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

மாயவன் முதலில் பக்கத்தில் நடந்துதான் வந்தான். தெரு மேடேறுகிற இடத்தில் வண்டி திணறியது. "மாமா, ஒரு கை," என்றான் ஒருத்தன். பின்னால் போய் இடது ஓரத்தில் கை வைத்தான். வைத்தபிறகுதான் அது யாருடைய இடம் என்று தெரிந்தது. எடுத்தால் வண்டி பின்னால் வரும். எடுக்கவில்லை.

நாராயணசாமி தன் வீட்டுக் கேட்டருகே கைத்தடியோடு நின்றிருந்தார். முன்னால் வந்து பெண்ணுக்கு ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். சுபஸ்ரீ உள்ளிருந்து கும்பிட்டாள். வண்டி தாண்டும்போது பின்னால் தள்ளுகிறவர்களை ஒவ்வொருத்தராக உற்றுப் பார்த்தார். இடது ஓரத்தில் பார்வை நின்றது.

"அதாரு, மாயவனா?" என்றார். "நல்லா ஊனித் தள்ளு. உங்கப்பன் தள்ளுனா இந்நேரம் கெளம்பியிருக்கும்."

குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. பழசை நினைத்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. மாயவன் தலையைக் குனிந்துகொண்டு ஊன்றித் தள்ளினான். பிள்ளையார் கோயில் திருப்பம் வந்தது. செத்துப்போன இஞ்சின், தன் கையால் சுற்றிப்பார்த்த இஞ்சின் என்று தெரிந்தும், அவன் காது அந்த இடத்தில் ஒரு கணம் காத்திருந்தது. பிறகு மற்றவர்களோடு சேர்ந்து மண்டபம் வரைக்கும் தள்ளினான்.